ஓடிக்கொண்டிருக்கும் பழைய ஸ்டோரேஜை, டேட்டா போகாமல் விர்ச்சுவல் ஸ்டோரேஜுக்கு மாற்றுவது எப்படி?

கேள்வி: எங்கள் கம்பெனியில் வெவ்வேறு காலத்தில் வாங்கிய மூன்று ஸ்டோரேஜ் பெட்டிகள் இருக்கின்றன. இருபதுக்கு மேல் சர்வர்கள். எல்லாவற்றையும் ஒரே விர்ச்சுவலைசேஷன் அடுக்கின் (சர்வருக்கும் பெட்டிக்கும் நடுவில் உட்காரும் அடுக்கு) கீழ் கொண்டுவரச் சொல்லிவிட்டார்கள். விற்பவர் 'டவுன்டைமே இருக்காது, சர்வர் நிற்கவே நிற்காது' என்கிறார். நம்பலாமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

பாதி நம்பலாம். டேட்டா ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு நகரும்போது யாருக்கும் எதுவும் தெரியாது, அது உண்மை. ஆனால் ஒவ்வொரு சர்வரும் பழைய பெட்டியை விட்டுவிட்டுப் புதிய அடுக்கைப் பார்க்கத் திரும்ப வேண்டும். அந்த ஒரு தடவை அதை நிறுத்தித்தான் ஆக வேண்டும். பழைய பெட்டியின் அடையாளத்தையே புதியது ஏற்றுக்கொள்ளும் வசதிகள் சில உண்டு. அவை குறிப்பிட்ட ஜோடிப் பெட்டிகளுக்கு மட்டும்தான். மூன்றும் மூன்று கம்பெனிப் பெட்டிகள் என்றால் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

ஒரு விஷயத்தை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். உங்கள் இருபது சர்வர்களும் விஎம்வேரில் (ஒரே இயந்திரத்தில் பல சர்வர்களை ஓடவைக்கும் மென்பொருள்) ஓடும் விர்ச்சுவல் மெஷின்கள்தானா? அப்படியென்றால் கீழே உள்ளதில் பாதி உங்களுக்குத் தேவையில்லை. புதிய அடுக்கிலிருந்து ஒரு டேட்டாஸ்டோர் (விர்ச்சுவல் மெஷின்களின் ஃபைல்கள் இருக்கும் இடம்) உருவாக்கி, ஸ்டோரேஜ் விமோஷன் போட்டு ஒவ்வொன்றாக நகர்த்திவிடலாம். 2007 கடைசியில் வந்த வசதி அது, நன்றாகப் பழகிவிட்டது. மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். ஆர்டிஎம் என்று நேரடியாக லன்னை, அதாவது பெட்டி ஒதுக்கும் டிஸ்க் துண்டை, அப்படியே கொடுத்திருக்கும் மெஷின்களை மட்டும் தனியாகப் பட்டியல் போடுங்கள், அவை அடம்பிடிக்கும். பெட்டிவிட்டுப் பெட்டி போவதால் காப்பி முழுவதும் உங்கள் ஹோஸ்ட் (விர்ச்சுவல் மெஷின்கள் ஓடும் நிஜ சர்வர்) வழியாகத்தான் போகும், பெட்டி தானே செய்துகொள்ளும் குறுக்குவழி இங்கே உதவாது. அதனால் பகலில் பத்து மெஷினை ஒன்றாகக் கிளப்பாதீர்கள்.

இனி, நேரடியாக ஃபைபர் சேனலில் (சர்வரையும் பெட்டியையும் இணைக்கும் தனி நெட்வொர்க்) தொங்கும் டேட்டாபேஸ் சர்வர்கள், கிளஸ்டர்கள் (ஒரே வேலையைச் சேர்ந்து பார்க்கும் சர்வர் கூட்டம்), பழைய யூனிக்ஸ் பெட்டிகள் இருந்தால்தான் கதை.

நான் செய்தது ஐபிஎம்மின் எஸ்விசி என்ற விர்ச்சுவலைசேஷன் கருவி வைத்து. 2003-ல் சந்தைக்கு வந்த பழைய ஆள், அதன் வாரிசு மென்பொருள்தான் இன்றைய ஃபிளாஷ்சிஸ்டம் பெட்டிகளுக்குள்ளும் ஓடுகிறது. ஹிட்டாச்சியில் ஒரு பெட்டிக்குப் பின்னால் வேறு கம்பெனிப் பெட்டியை மாட்டும் வழி 2004-லேயே வந்தது, இஎம்சியின் விபிளெக்ஸ் 2010-ல் வந்தது. மெனுவில் பெயர்கள் மாறும், அடிப்படை ஒன்றுதான்: சர்வருக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒருவரை உட்கார வைக்கிறோம். பெட்டி தன் லன்களை அவரிடம் மட்டும் காட்டும், அவர் தன் பெயரில் சர்வருக்குக் காட்டுவார்.

இந்த வேலை முழுவதும் நான் கேட்டுக்கொண்டே இருந்த கேள்வி ஒன்றே ஒன்று: இந்த நிமிடம் ஏதாவது சொதப்பினால், பழைய நிலைக்குத் திரும்பிப் போக முடியுமா? எத்தனை நிமிடத்தில்? அதற்குப் பதில் தெரியாத எந்தப் படியையும் நாங்கள் எடுக்கவில்லை. ஒரு தடவை எடுத்தோம், அதையும் சொல்கிறேன்.

முதல் மாதம் கேபிளையே தொடவில்லை. எந்த லன் யாருடையது என்று எழுதினோம், அவ்வளவுதான். கேட்கச் சின்ன வேலை. மூன்று பெட்டிகள், ஏழெட்டு வருடம், நடுவில் வேலையை விட்டுப் போன நான்கு அட்மின்கள். லன்னுக்கு 'டெஸ்ட்_நியூ_2' என்று பெயர் வைத்துவிட்டுப் போன புண்ணியவான் இப்போது எங்கே இருக்கிறாரோ. 500 ஜிபி லன் ஒன்றுக்கு உரிமையாளரே இல்லை. ஒரு வாரம் கண்காணித்தோம், ஒரு ரீட் ரைட் கூட இல்லை. சரி, அனாதை என்று முடிவுகட்டி மேப்பிங்கை (லன்னை சர்வருக்குக் காட்டும் இணைப்பு) எடுத்துவிட்டோம். 31-ம் தேதி இரவு சம்பளக் கணக்கு ஜாப் விழுந்தது. மாதக் கடைசியில் மட்டும் பழைய பதிவுகளைக் கொண்டுபோய்ப் போடும் இடமாம் அது. நல்லவேளை, மேப்பிங்கைத்தான் எடுத்திருந்தோம், லன்னை அழிக்கவில்லை. பத்து நிமிடத்தில் திரும்பக் கொடுத்துவிட்டோம். நீங்கள் ஒரு வாரம் பார்த்துவிட்டு முடிவெடுக்காதீர்கள், ஒரு மாதக் கடைசியையாவது தாண்டிப் பாருங்கள். மார்ச் 31 நடுவில் வந்தால் இன்னும் நல்லது.

அடுத்து, உள்ளே கொண்டுவருவது. எஸ்விசியில் இதற்கு இமேஜ் மோடு என்று பெயர். டேட்டா உள்ள பழைய லன்னை உள்ளது உள்ளபடி, முதல் பிளாக்குக்கு முதல் பிளாக், கடைசி பிளாக்குக்குக் கடைசி பிளாக் என்று அப்படியே சர்வருக்குக் கடத்துவது. எதுவும் காப்பி ஆகாது, எதுவும் இடம் மாறாது. அதனால்தான் இது விரைவாக முடிகிறது. அதனால்தான் திரும்பிப் போவதும் எளிது: சர்வரை நிறுத்தி, நடுவில் உள்ளவரின் கேஷில் (தற்காலிக நினைவகத்தில்) தங்கியிருக்கும் ரைட்டுகள் எல்லாம் பெட்டிக்கு இறங்கியதை உறுதி செய்து, பழைய லன்னைப் பழையபடி சர்வருக்கே மேப் செய்தால் முடிந்தது.

இங்கேதான் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. பழைய லன்னை எஸ்விசிக்குக் காட்டியதும் அது 'அன்மேனேஜ்ட்' என்று பட்டியலில் வந்து நிற்கும். அதனிடம் இரண்டு விதமாகப் பேசலாம். இமேஜ் மோடில் இறக்கு என்றால் டேட்டா பத்திரம். ஸ்டோரேஜ் பூலில் (பல லன்களின் இடத்தை ஒன்றாகக் கொட்டி வைக்கும் தொட்டி) சேர்த்துக்கொள் என்றால், அது வெறும் காலி டிஸ்க் என்று நினைத்து விழுங்கிவிடும். உள்ளே இருக்கும் டேட்டா போயே போச்சு. காலி லன்னும் டேட்டா உள்ள லன்னும் அந்தத் திரையில் ஒரே மாதிரிதான் தெரியும். நாங்கள் செய்த ஏற்பாடு இது: ஒரு நேரத்தில் டேட்டா உள்ள ஒரே ஒரு லன் மட்டும்தான் காட்டப்படும். லன்னின் அடையாள எண்ணில் கடைசி ஆறு எழுத்துகளை ஒருவர் பெட்டித் திரையிலிருந்து சத்தமாகப் படிப்பார், இன்னொருவர் எஸ்விசி திரையில் பார்த்துத் திருப்பிச் சொல்வார். பள்ளிக்கூடத்து வாய்ப்பாடு மாதிரி இருக்கும். சிரித்தவர்கள் உண்டு. ஒரு லன்கூடப் போகவில்லை.

இன்னொன்று. அதே லன்னை சர்வர் ஒரு பக்கம் நேரடியாகவும், இன்னொரு பக்கம் எஸ்விசி வழியாகவும் பார்க்கவே கூடாது. இரண்டு பக்கமும் எழுத ஆரம்பித்தால் ஃபைல்சிஸ்டம் கந்தல். ஜோனிங்கில் (எந்த சர்வர் எந்தப் பெட்டியைப் பார்க்கலாம் என்ற ஸ்விட்ச் அமைப்பு) பழைய வழியை வெட்டிவிட்டு, சர்வரில் டிஸ்க் மறைந்துவிட்டதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் புதிய வழியைத் திறக்க வேண்டும். கிளஸ்டர் என்றால் எல்லா நோடுகளையும் (அதிலுள்ள சர்வர்கள்) நிறுத்தி, லன்மேல் உட்கார்ந்திருக்கும் ரிசர்வேஷனையும் (இது என்னுடையது என்று சர்வர் போடும் பூட்டு) விடுவிக்க வேண்டும். அது இருந்தால் எஸ்விசிக்கு உள்ளே வழி கிடைக்காது.

இப்போது டவுன்டைம் ஏன் வருகிறது என்ற விஷயம். சென்னையில் கதவு எண் போடுவார்கள் பாருங்கள், 'பழைய எண் 14, புதிய எண் 31' என்று. வீடு அதே வீடு, உள்ளே இருப்பவர்களும் அவர்களே. ஆனால் 14-ஐத் தேடிவரும் கூரியர் பையன் தெருவில் சுற்றிக்கொண்டிருப்பான். லன் கதையும் இதுதான். டேட்டா ஒரு பிட்கூட மாறவில்லை. ஆனால் டிஸ்க் தன்னை யார் என்று சொல்லிக்கொள்ளும் அடையாளம் இப்போது பழைய பெட்டியுடையது அல்ல, எஸ்விசியுடையது. பழைய எண்ணை எங்கெல்லாம் எழுதி வைத்திருக்கிறீர்களோ அங்கெல்லாம் இடிக்கும்.

விண்டோஸ் சர்வர் 2008 முதல் சில பதிப்புகளில் டிஸ்க் ஆஃப்லைனாக வந்து நிற்கும், பயப்படாமல் ஆன்லைன் செய்யுங்கள், ரீட் ஒன்லி என்று இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். விஎம்வேர், பழைய டேட்டாஸ்டோரை ஸ்னாப்ஷாட் (ஒரு நகல்) என்று சந்தேகித்து மவுன்ட் செய்யாது. பழைய சிக்னேச்சரையே (டிஸ்கில் எழுதிய அடையாளம்) வைத்துக்கொள் என்று நீங்கள் சொல்ல வேண்டும். ஆர்டிஎம் என்றால் அந்தச் சுட்டியை அழித்துப் புதிதாகப் போட வேண்டும். லினக்ஸில் எல்விஎம் (டிஸ்குகளைப் பிரித்து நிர்வகிக்கும் மென்பொருள்) தன் சொந்த அடையாளத்தை டிஸ்கிலேயே எழுதி வைத்திருப்பதால் பெரும்பாலும் தானே கண்டுபிடித்துக்கொள்ளும். பழைய கம்பெனியின் மல்டிபாத் டிரைவரை (ஒரே டிஸ்குக்குப் போகும் பல வழிகளைக் கையாள்வது) கழற்றிப் புதியதைப் போடும் வேலை எல்லாருக்கும் பொது.

எங்களை மாட்டிவிட்டது ஆரக்கிள் டேட்டாபேஸ். கட்டோவர் (புதிய வழிக்கு மாற்றுவது) முடிந்தது, லினக்ஸில் எல்லா டிஸ்கும் தெரிகிறது, நான் டீ குடிக்கக் கிளம்பிவிட்டேன். டேட்டாபேஸைப் பார்க்கும் டிபிஏ அண்ணன் போனில், "தம்பி, ஏஎஸ்எம்முக்கு ஒரு டிஸ்க்கூடத் தெரியலையேப்பா" என்றார். ஏஎஸ்எம் என்பது ஆரக்கிள் தன் டிஸ்குகளை நிர்வகிக்கும் பகுதி. டிஸ்குகளின் உரிமையை ஆரக்கிள் யூசருக்குக் கொடுக்கும் யூடெவ் (லினக்ஸில் டிஸ்குகளுக்குப் பெயரும் உரிமையும் தருவது) விதிகளை யாரோ ஒருவர் பழைய அடையாள எண்ணைக் கொண்டு எழுதியிருந்தார். எண் மாறியதும் எல்லா டிஸ்கும் ரூட் என்ற நிர்வாகி யூசருக்குச் சொந்தமாகிவிட்டன. இருபது வரிகளைத் திருத்தினால் போதும். ஆனால் காரணம் அதுதான் என்று கண்டுபிடிக்க நாற்பது நிமிடம் போனது. முந்தைய வாரமே எட்சி (லினக்ஸின் அமைப்பு ஃபைல்கள் இருக்கும் இடம்) முழுவதும் பழைய எண்களைத் தேடிப் பார்த்திருந்தால் டீ ஆறியிருக்காது.

சரி, உள்ளே வந்தாயிற்று. டேட்டா இன்னும் பழைய பெட்டியில்தான் இருக்கிறது. அடுத்து அதைப் புதிய பூலுக்கு நகர்த்த வேண்டும். கையேட்டைத் திறந்தால் முதலில் தெரிவது மைக்ரேட் கட்டளை. எக்ஸ்டென்ட் எக்ஸ்டென்டாக (பூல் இடத்தைப் பிரித்த துண்டுகள்) புதிய இடத்துக்குப் பரப்பிவிடும். வேலை சுத்தமாக நடக்கும், ஆனால் முடிந்த அந்த நிமிடம் திரும்பும் வழி அடைபட்டுவிடும், ஏனென்றால் பழைய லன்னில் இனி முழு டேட்டா இல்லை. முதல் இரண்டு சர்வர்களை இப்படித்தான் செய்தோம். மேலே சொன்ன 'ஒரு தடவை' அதுதான். ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அந்த வாரம் எனக்குத் தூக்கமும் இல்லை.

மூன்றாவதிலிருந்து வால்யூம் (எஸ்விசி சர்வருக்குக் காட்டும் டிஸ்க்) மிரரிங்குக்கு மாறினோம். அதே வால்யூமுக்குப் புதிய பூலில் இரண்டாவது காப்பி ஒன்றைச் சேர்ப்பது. ஒத்திசைவு முடிந்த பிறகு ஒவ்வொரு ரைட்டும் இரண்டு பக்கமும் போகும். பழைய பெட்டியில் உள்ள இமேஜ் காப்பி எப்போதும் புதிதாகவே இருக்கும். இரண்டு வாரம் அப்படியே ஓடவிட்டு, பயனர்கள் யாரும் கத்தவில்லை என்றான பிறகு பழைய காப்பியைக் கழற்றினோம். இரண்டு பூலின் எக்ஸ்டென்ட் அளவு வேறாக இருந்தாலும் இது நடக்கும், மைக்ரேட் கட்டளை அங்கே முரண்டு பிடிக்கும். பழைய பெட்டி மந்தமாக இருந்தால் அந்த இரண்டு வாரம் ரைட்டில் கொஞ்சம் கனம் தெரியும். எனக்கு அது பரவாயில்லை.

இதில் ஒரு எண்ணைக் கவனியுங்கள். ஒத்திசைவு வேகம் தானாக 50 என்று இருக்கும். பாதி வேகம் என்று நினைத்துவிடுவோம். அதன் பொருள் வினாடிக்கு 2 எம்பி. 2 டிபி லன் முடியப் பதினொன்றரை நாள்! நாங்கள் பயன்படுத்திய பதிப்பில் 100 வைத்தால் வினாடிக்கு 64 எம்பி, அதே லன் ஒன்பது மணி நேரத்துக்குள் முடியும். இரவில் 100, காலை எட்டு மணிக்கு 60 என்று மாற்றி மாற்றி வைத்தோம். பத்து லன்னை ஒரே நேரத்தில் 100-ல் விட்டால் பழைய பெட்டியின் டிஸ்குகள் மூச்சுத் திணறும், அதன் தலையில் அன்றாட வேலையும் இருக்கிறது என்பதை மறக்காதீர்கள்.

புதிய பூல் அமைக்கும்போது மூன்று பெட்டிகளின் இடத்தையும் ஒரே பூலில் கொட்டிவிடலாம் என்ற ஆசை வரும். கணக்கில் பார்க்க அழகாக இருக்கும், காலி இடம் வீணாகாது. ஆனால் ஒரு பூலில் உள்ள ஒரு லன் ஆஃப்லைன் ஆனாலே அந்தப் பூல் மொத்தமும் ஆஃப்லைன். கிழட்டுப் பெட்டி ஒன்று படுத்தால் மற்ற இரண்டும் சேர்ந்து படுக்கும். ஒரு பெட்டிக்கு ஒரு பூல் என்று வையுங்கள். தின் வால்யூம் (எழுத எழுத மட்டும் இடம் எடுப்பது) போடுவதாக இருந்தால் பூல் நிரம்பும் முன் யாருக்கு மெசேஜ் போக வேண்டும் என்பதையும் அன்றே முடிவு செய்யுங்கள். பூல் நிரம்பினால் அதில் உள்ள வால்யூம்கள் நின்றுவிடும்.

பிளாக் அளவில் நகர்த்துவதால் பழைய குறைகளும் சேர்ந்தே வரும் என்பதையும் சொல்ல வேண்டும். விண்டோஸ் 2003 காலத்தில் பார்ட்டிஷன் 63-வது செக்டரில் தொடங்கும், ஸ்டோரேஜின் பிளாக் எல்லையோடு ஒத்துப்போகாது. புதிய பெட்டிக்கு வந்தாலும் அந்தக் கோணல் அப்படியேதான் இருக்கும். அப்படிப்பட்ட சர்வர்களை இந்த வழியில் கொண்டுவராமல், புதிய வால்யூம் கொடுத்து ஃபைல் அளவில் காப்பி செய்யுங்கள்.

மேலாளரிடம் என்ன கேட்பது? ஒரு சர்வருக்கு உண்மையான வேலை முக்கால் மணி நேரம். நான் நான்கு மணி நேரம் கேட்பேன்: ஒரு மணி நேரம் வேலைக்கு, ஒரு மணி நேரம் ஆரக்கிள் மாதிரி யாராவது மாட்டிவிட்டால் தேடுவதற்கு, ஒரு மணி நேரம் எல்லாவற்றையும் பழையபடி திருப்பி வைக்க, மீதி அப்ளிகேஷன் ஆட்கள் வந்து சரி பார்த்து 'ஓகே' என்று மெயில் போட. இரண்டாவது மணி நேரம் முடிந்தும் சர்வர் எழவில்லை என்றால் விவாதமே இல்லாமல் திரும்பிவிட வேண்டும் என்று முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு "இன்னும் அஞ்சே நிமிஷம் சார்" என்று சொல்லத் தோன்றும், எனக்கும் தோன்றியது. முதலில் யாருக்கும் வலிக்காத ஒரு டெஸ்ட் சர்வரை எடுங்கள், இரண்டாவதாக விண்டோஸ் ஃபைல் சர்வர். கிளஸ்டரைக் கடைசியில் வையுங்கள். வாரத்துக்கு மூன்று சர்வர் என்று போனால் இருபது சர்வருக்கு ஏழு வாரம், தீபாவளி, ஆண்டுக்கணக்கு எல்லாம் பார்த்து ஒதுக்கினால் மூன்று மாதம்.