ஒரு கண்ணா, இரு கண்ணா? கிரியோல் மொழியில் இரட்டை உறுப்புகள்

ஆஸ்திரேலியாவின் வட ஆட்புலத்தில் கேத்தரின் நகரை அடுத்த மருத்துவ நிலையமொன்றில் பணிபுரியும் செவிலியர் ஒருவர், வட ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் கலப்பு மொழியான கிரியோலைப் பேசும் நோயாளிகள் கண், காது, கால் என்று சொல்லும்போது ஒரு பக்கத்தைச் சொல்கிறார்களா, இரு பக்கங்களையும் சொல்கிறார்களா என்பதை எப்படி அறிவது என்று கேட்டிருக்கிறார்.

அந்தப் பெயர்ச்சொல்லை மட்டும் வைத்து அதை அறிய இயலாது. கிரியோலில் பெயர்ச்சொற்கள் ஒருமை பன்மைக்கேற்ப வடிவம் மாறுவதில்லை. 'மை ஐ' என்றால் என் கண் என்றும் பொருள், என் கண்கள் என்றும் பொருள். இரு கண்களும் எரியும்போதும் 'கண் எரிகிறது' என்றே சொல்லும் தமிழருக்கு இது புதிதன்று. 'பிங்கா' என்னும் சொல்லில் கூடுதல் கவனம் தேவை. அது விரலையும் குறிக்கும், கையையும் குறிக்கும்.

ஆயினும் எண்ணிக்கையைத் துல்லியமாகச் சொல்ல இம்மொழியில் வழியில்லை என்று கருதிவிடக் கூடாது. 1908இல் தொடங்கப்பட்ட ரோப்பர் ஆற்று மிஷன் குடியிருப்பில், மாரா, அலாவா போன்ற வெவ்வேறு மொழிகளைப் பேசிய குடும்பங்களின் பிள்ளைகள் ஒன்றாக வளர்ந்த சூழலில் வேரூன்றிய மொழி இது; சொற்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்திலிருந்து வந்திருந்தாலும், ஆங்கிலத்தில் இல்லாத இருமை, அதாவது இருவரை மட்டும் குறிக்கும் தனி வடிவம், இதன் பிரதிப்பெயர்களில் முழுமையாக வாழ்கிறது. நீயும் நானுமாகிய இருவர் 'யுன்மி'. உன்னைச் சேர்க்காத நாங்கள் இருவர் 'மிந்துபலா'. அவர்கள் இருவர் 'துபலா'. இந்தத் 'துபலா'வே இரண்டு என்னும் எண்ணுப்பெயராகவும் பெயர்ச்சொல்லுக்கு முன் வரும். எனவே நோயாளி 'துபலா ஐ' என்றால் இரு கண்கள் என்றும், 'வன்பலா ஐ' என்றால் ஒரு கண் என்றும் ஐயமின்றிக் கொள்ளலாம். எண் குறிக்கப்படாதபோதுதான் கேட்டறிய வேண்டும்.

காயத்தைப் பற்றிய பேச்சில் வேறொரு அமைப்பும் அடிக்கடி வரும். நாய் கடித்தவர் 'என் காலைக் கடித்தது' என்னும் பொருளில் காலைச் செயப்படுபொருளாக்காமல், 'இம் பின் பைத்திம் மி லா லெய்க்' என்று, தம்மையே கடிபட்டவராக முன்னிறுத்தி, உறுப்பை 'லா' என்னும் இடவேற்றுமைச் சொல்லோடு பின்னால் வைப்பார். இங்கும் எந்தக் கால் என்பது சொல்லப்படவில்லை.

'இரண்டு கண்ணிலுமா?' என்று மட்டும் கேட்பது போதாது என்பது என் உறுதியான கருத்து. ஆம், இல்லை என்று முடியும் கேள்விகளுக்கு மரியாதை கருதி 'யுவாய்' (ஆம்) என்று இசைந்துவிடும் வழக்கம் பழங்குடிச் சமூகங்களில் உண்டு. 'வன்பலா ஐ, ஓ துபலா ஐ?' என்று தெரிவுகளை முன்வைத்துக் கேளுங்கள். பிறகு தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். அறுவை சிகிச்சைக்கு ஒப்புதல் பெறுவது போன்ற தருணங்களில் வட ஆட்புல அரசின் பழங்குடியினர் மொழிபெயர்ப்புச் சேவையிலிருந்து கிரியோல் மொழிபெயர்ப்பாளரை அழைத்துக்கொள்ளுங்கள். அதுவரை பதிவேட்டில் வலது, இடது என்று ஊகித்து எழுதாமல், 'பக்கம் உறுதிப்படுத்தப்படவில்லை' என்றே குறித்துவையுங்கள்.