இதயச் சுவரில் ஓட்டையுள்ள குழந்தைக்கு, பிறந்தபோது கேட்காத இரைச்சல் போன்ற இதயச் சத்தம் ஆறு வாரம் கழித்து ஏன் கேட்கிறது? சத்தம் பெரிதென்றால் ஓட்டையும் பெரிதா?

இல்லை, பல நேரம் நேர்மாறாகத்தான் இருக்கும்.

இதயத்தின் இரண்டு கீழறைகளுக்கும் நடுவே ஒரு சுவர் இருக்கிறது. அதில் பெரும்பகுதி தடித்த தசை. மேலே, மகாதமனி (உடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய்) வால்வுக்குக் கீழே மட்டும் மெல்லிய சவ்வு. ஓட்டைகள் அதிகம் விழுவது இந்தச் சவ்வையும் அதை ஒட்டிய இடத்தையும் சுற்றித்தான். இதயத்துடிப்பைக் கடத்தும் மின்பாதை அதன் ஓரமாகவே போவதால், தையல் போடும்போது அறுவை மருத்துவர் மிகக் கவனமாக இருப்பார்.

பெரியவர்களுக்கு இடது கீழறை அழுத்தம் சுமார் 120 mmHg, வலதில் 25 அளவுதான். பிறந்த குழந்தைக்கு நுரையீரல் ரத்தக்குழாய்கள் இன்னும் இறுக்கமாக இருப்பதால் இரு பக்கமும் அழுத்தம் கிட்டத்தட்ட சமம். ரத்தம் ஓட்டை வழியே அதிகம் பாயாது, சத்தமும் இராது. சில வாரங்களில் இறுக்கம் தளர்ந்து வலது பக்க அழுத்தம் குறைந்ததும், இடதிலிருந்து வலதுக்குப் பாய்ச்சல் தொடங்கும். குழாய் முனையை விரலால் அழுத்தினால் தண்ணீர் சீறுவதுபோல, சின்ன ஓட்டையில்தான் இரைச்சல் அதிகம்.

தசைப்பகுதியில் உள்ள சின்ன ஓட்டைகள் பல தானாகவே மூடிக்கொள்ளும். சத்தத்தைவிட குழந்தையைக் கவனியுங்கள்: பால் குடிக்கும்போது நெற்றி வியர்க்கிறதா, மூச்சு வாங்கி இடையில் நிறுத்துகிறதா, எடை ஏறவில்லையா? இருந்தால் உடனே இதய மருத்துவரிடம் காட்டுங்கள். பெரிய ஓட்டையைப் பல வருடம் அப்படியே விட்டால் நுரையீரல் குழாய்கள் கெட்டித்துப்போய் ரத்தம் எதிர்த்திசையில் ஓடும், உதடு நீலமாகும். அப்புறம் ஓட்டையை அடைப்பதே ஆபத்து.