ஓட்டம் பிறவியிலேயே வரவேணுமா?

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. ஒரு வருடமாக ஓடிப் பழகுகிறான். ஆனால் பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டியில், பயிற்சிப் பக்கமே வராத ஒரு பிள்ளை 1500 மீற்றரில் அவனை இலேசாக முந்திவிட்டான். "ஓட்டம் பிறவியில் வரவேணும்" என்று பக்கத்தில் நின்றவர்கள் சொன்னதைக் கேட்டு மகன் சோர்ந்துபோனான். விட்டுவிடச் சொல்லவா?
– ஒரு தாய், உப்புவெளி

பதில்: வேண்டாம் தங்கச்சி, விடச் சொல்லாதீர்கள்.

முதலில் அந்த மற்றப் பிள்ளையைப் பாருங்கள். 15 வயதில் ஒருவனுக்கு மீசை அரும்பியிருக்கும், இன்னொருவனுக்குக் குரலே உடைந்திருக்காது. பாடசாலை மைதானத்தில் 'திறமை' என்று நாம் கைதட்டுவதில் பாதி, முந்தி வளர்ந்துவிட்ட உடம்புதான். விளையாட்டு ஆசிரியையாக இருந்த காலம் முழுவதும் இதைக் கண்டிருக்கிறேன். இரண்டு மூன்று வருடத்தில் அந்த இடைவெளி பெரும்பாலும் சுருங்கிவிடும்.

பிறவிக் கொடை என்று ஒன்று கட்டாயம் இருக்கிறது. 1964 குளிர்கால ஒலிம்பிக்கில் நெடுந்தூரப் பனிச்சறுக்கில் இரண்டு தங்கம் வென்ற பின்லாந்துக்காரர் ஈரோ மாந்திரந்தாவின் குடும்பத்திலேயே ஒரு மரபணு மாற்றம் இருந்தது. அதனால் அவருடைய இரத்தம் மற்றவர்களுடையதை விட அதிகம் ஒட்சிசனைச் சுமந்தது. அதைப் பயிற்சியால் யாரும் பெற முடியாது.

ஆனால் உங்கள் மகனுக்குத் தெரியவேண்டிய செய்தி வேறு. 1990களில் அமெரிக்காவிலும் கனடாவிலும், உடற்பயிற்சிப் பழக்கமே இல்லாதவர்களைக் குடும்பம் குடும்பமாகச் சேர்த்து, 20 வாரம் ஒரே விதமான பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். உடம்பு ஒரு நிமிடத்தில் ஆகக்கூடியதாகப் பயன்படுத்தக்கூடிய ஒட்சிசன் சராசரியாக 400 மில்லிலீற்றர் அளவு கூடியது. சிலருக்கு அசையவே இல்லை, சிலருக்கு ஒரு லீற்றருக்கும் மேலே போனது. ஒரே குடும்பத்தவர்கள் அநேகமாக ஒரே மாதிரி முன்னேறினார்கள். ஆக, பயிற்சியை உடம்பு ஏற்றுக்கொள்ளும் அளவிலும் பிறவிக்கு ஒரு பங்கு உண்டு. எனக்கு மிகப் பிடித்த முடிவு இதுதான்: தொடக்கத்தில் யார் மேலே நின்றார் என்பதற்கும், பிறகு யார் அதிகம் முன்னேறினார் என்பதற்கும் கிட்டத்தட்டத் தொடர்பே இருக்கவில்லை.

அந்தப் பிள்ளை முதலாவதாக வந்தது அவனுடைய தொடக்கத்தைத்தான் காட்டுகிறது. உங்கள் மகனின் உடம்பு எவ்வளவு ஏறும் என்பதை, அவன் பழகிப் பழகித்தான் கண்டுபிடிக்க முடியும். தேசிய மட்டத்துக்குப் போவான் என்று நான் வாக்குத் தரமாட்டேன். ஒரு வருடத்தில் தீர்ப்புச் சொல்வது மட்டும் அநியாயம்.

இன்னொன்று, அவன் எப்படிப் பழகுகிறான் என்று கேளுங்கள். தினமும் மூச்சு முட்ட ஓடுகிறான் என்றால் அதுதான் பிழை. வாரத்தில் நான்கு நாள் போதும். அதில் மூன்று நாள், பக்கத்தில் ஓடுபவனோடு கதைத்துக்கொண்டு ஓடக்கூடிய வேகத்தில் அரை மணித்தியாலம். உப்புவெளிக் கடற்கரையில் அலை நனைத்து இறுகிய மணல் அதற்கு நல்லது, ஆனால் சரிவான பக்கத்தில் ஓடக்கூடாது, முழங்கால் நோகும். ஒரு நாள் திருகோணமலைக் கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோயிலுக்கு ஏறும் வீதியில் ஏற்ற ஓட்டம், விடியவே, வாகனங்கள் வரத் தொடங்குமுன். வெக்கையான கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெயில் ஏறிய பிறகு ஓடவே வேண்டாம்.

"எங்கட ஆக்களின் உடம்புக்கு நெடுந்தூரம் சரிவராது" என்றும் யாராவது சொல்வார்கள். 1970 பாங்கொக் ஆசிய விளையாட்டில் 5000, 10,000 மீற்றர் இரண்டிலும் தங்கம் வென்ற லூசியன் ரோசா இலங்கையர்தான் என்று மகனிடம் சொல்லுங்கள்.

கேள்வி: எனக்கு 16 வயது. போன வருடம் நன்றாக ஓடினேன். இப்போது அதே தூரத்துக்கே களைக்கிறது. என் திறமை இவ்வளவுதானா?
– மாணவி, நிலாவெளி

பதில்: மகள், திறமையைப் பற்றிப் பிறகு பார்ப்போம். அம்மாவோடு போய் டொக்டரைக் கண்டு, இரத்தத்தில் ஹீமோகுளோபினும் இரும்புச்சத்தும் பார்க்கச் சொல்லுங்கள். மாதவிடாய் அதிகம் போகிறதென்றால் அதையும் வெட்கப்படாமல் சொல்லுங்கள். ஓடும் பெண்பிள்ளைகளுக்கு இரும்புச்சத்துக் குறைவது சாதாரணம், மருந்தால் சரிவரும். சாப்பாட்டோடு தேத்தண்ணீர் குடிக்கும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள், அது இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைத் தடுக்கும். முடிவு வரும்வரை வேக ஓட்டம் வேண்டாம், நடந்தால் போதும்.