1988-க்கு முன்னரே தொடங்குங்கள்

பர்மிய (இன்றைய மியான்மர்) மாணவர் சங்கங்களைப் பற்றிய ஆய்வேட்டை, இராணுவ ஆட்சியை எதிர்த்த 1988 மக்கள் எழுச்சியிலிருந்து தொடங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படித் தொடங்கினால், அவ்வாண்டு தெருவில் இறங்கிய மாணவர்கள் எதை மீட்க முயன்றார்கள் என்பதே விளங்காமல் போய்விடும்.

ரங்கூன் பல்கலைக்கழகச் சட்டத்தை எதிர்த்து 1920 டிசம்பரில் நடந்த வகுப்புப் புறக்கணிப்பை முன்னுரையில் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1936-க்குக் கூடுதல் இடம் கொடுங்கள்: ரங்கூன் பல்கலைக்கழக மாணவர் சங்கத்தின் தலைவர் நூவையும், சங்க இதழில் வந்த கட்டுரையை எழுதியவர் யார் என்று சொல்ல மறுத்த இதழாசிரியர் ஆங் சானையும் நிர்வாகம் நீக்கியபோது வெடித்த போராட்டம்தான், பின்னாளில் நாட்டை வழிநடத்திய இவ்விருவரையும் மக்களுக்கு அறிமுகப்படுத்தியது.

ஆயினும் ஏட்டின் மையம் 1962 ஆக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஜூலை 7 அன்று, அவ்வாண்டு ஆட்சியைக் கைப்பற்றிய இராணுவத் தளபதி நே வின்னின் படையினர் ரங்கூன் பல்கலைக்கழகத்தில் மாணவர்களைச் சுட்டனர். மறுநாள் சங்கக் கட்டடத்தையே வெடிவைத்துத் தகர்த்தனர். (ஒரு கட்டடத்தைக் கண்டு இராணுவம் இவ்வளவு அஞ்சியது விந்தைதான்.) 1974-இல் ஐ.நா.வின் முன்னாள் பொதுச்செயலாளர் ஊ தாண்டின் உடலைக் கைப்பற்றிய மாணவர்கள், அந்த இடத்தில்தான் அதனை அடக்கம் செய்தனர். 1988 ஆகஸ்டில் மாணவர் தலைவர் மின் கோ நைங்கின் தலைமையில் அனைத்துப் பர்மா மாணவர் சங்கக் கூட்டமைப்பு மீண்டும் அமைக்கப்பட்டதை இவற்றின் தொடர்ச்சியாகவே காட்டுங்கள். பக்க வரம்பு அனுமதித்தால், 2015 மார்ச்சில் லெட்பதான் நகரில் மாணவர் பேரணி ஒடுக்கப்பட்டதையும் ஒரு பத்தியில் சேர்க்கலாம்.