ப்ராக்ஸ்மாக்ஸ் போடறதுல சந்தேகமா, கேளுங்க (சேலம், ஏற்காடு ஆளுங்களுக்கு)

பழைய டெஸ்க்டாப்ல ப்ராக்ஸ்மாக்ஸ் (ஒரே மெஷின்ல பல கம்ப்யூட்டரை ஓட்டற சாப்ட்வேர், உள்ள ஓடற ஒவ்வொண்ணையும் விஎம்னு சொல்வாங்க) போட்டு ஆபீஸ் சர்வரா ஓட்டலாமான்னு நம்ம பக்கம் நெறைய பேர் கேட்டுட்டே இருக்கீங்க, வந்த கேள்விக்கெல்லாம் இங்கயே பதில் போட்டுடறேன். ப்ராசஸர் பத்திதான் எல்லாரும் கேக்கறீங்க, எனக்கு என்னவோ நம்மூர்ல கரண்டும் டிஸ்க்கும்தான் முக்கியம்னு படுது.

செவ்வாப்பேட்டை, வெள்ளிக்கடை: அண்ணா, நாலாவது ஜெனரேஷன் ஐ5, 16 ஜிபி ராம் ஒண்ணு கடையில சும்மா கெடக்கு. டேலிக்கு ஒரு விண்டோஸ், பைல் வைக்க ஒரு லினக்ஸ், தாங்குமா?

தாராளமா தாங்கும் தம்பி. மொதல்ல பயாஸ்ல (மெஷின் ஆன் ஆகும்போது வர்ற செட்டிங்ஸ்) விடி-எக்ஸ், அதாவது விஎம் ஓட்டறதுக்கான ப்ராசஸர் வசதியை ஆன் பண்ணிடுங்க, ஏஎம்டி போர்டா இருந்தா எஸ்விஎம்னு இருக்கும். இன்னொண்ணு, இன்ஸ்டாலர் நீங்க காட்டற டிஸ்க்கை மொத்தமா அழிச்சுட்டுத்தான் போடும், இந்த பக்கம் விண்டோஸ் அந்த பக்கம் இதுன்னு பிரிச்சு வைக்க கேக்காது, அதனால பழைய டேலி டேட்டாவை வெளிய எடுத்து, இன்னொரு மெஷின்ல தொறந்து பாத்துட்டு அப்புறம் கை வைங்க.

அதே ஆள்: விண்டோஸ் போடும்போது டிஸ்க்கே காட்டலைங்ணா?

விர்ட்ஐஓ டிரைவர் (விஎம்மோட டிஸ்க்கை விண்டோஸுக்கு காட்டற சாப்ட்வேர்) இல்லாததுதான். விர்ட்ஐஓ ஐஎஸ்ஓவை ரெண்டாவது சிடி டிரைவா சேத்துட்டு, டிஸ்க் கேக்கற எடத்துல லோட் டிரைவர் அழுத்தி வயோஸ்கசி (vioscsi) போல்டர்ல உங்க விண்டோஸ் வெர்ஷனை காட்டுங்க, டிஸ்க் வந்துடும்.

ஏற்காடு, எஸ்டேட் ஆபீஸ்: கேபிள் இழுக்க வசதி இல்லைங்க, வைபைலயே ஓட்டிடலாமா? கரண்ட்டும் அடிக்கடி போகுது.

வைபை வேண்டாங்க. ப்ராக்ஸ்மாக்ஸ்ல விஎம் எல்லாம் விஎம்பிஆர்0ன்னு ஒரு பிரிட்ஜ் (உள்ளயே இருக்கற ஸ்விட்ச் மாதிரி) வழியாதான் வெளிய போகும், ஒவ்வொண்ணுக்கும் தனி மேக் அட்ரஸ் (நெட்வொர்க் அடையாள நம்பர்), ஆனா வைபை ரவுட்டர் சேந்த கார்டோட மேக்கை மட்டும்தான் ஏத்துக்கும், மத்ததை உள்ளயே விடாது. ஆபீஸுக்கும் குடோனுக்கும் நடுவுல வெளிய கேபிள் போகுதுன்னா செம்பு கேபிள் போடாதீங்க, சித்திரை வைகாசி கோடை மழைக்கு மலையில விழற இடி அது வழியாவே வந்து ரெண்டு பக்க போர்ட்டையும் காலி பண்ணிடும். பைபர் இழுத்து ரெண்டு முனையிலயும் மீடியா கன்வெர்ட்டர் (பைபரை சாதா நெட்வொர்க் கேபிளுக்கு மாத்தற பெட்டி) வைங்க, கண்ணாடி இழையில கரண்ட் பாயாது.

கரண்ட்டுக்கு, வீட்டு இன்வெர்ட்டர்னா யுபிஎஸ் மோடுல வைங்க, இல்லாட்டி மாறற அந்த கணத்துலயே மெஷின் ரீஸ்டார்ட் ஆயிடும். யுஎஸ்பி போர்ட் இருக்கற யுபிஎஸ் வாங்கி என்யுடி (யுபிஎஸ்ஸை கவனிக்கற சாப்ட்வேர்) செட் பண்ணிட்டா பேட்டரி தீரப்போகும்போது விஎம்களை ஒழுங்கா நிறுத்திட்டு சர்வரும் தானா அணைஞ்சுடும். திரும்ப கரண்ட் வந்ததும் எழுந்திரிக்க பயாஸ்ல பவர் லாஸ் செட்டிங்கை பவர் ஆன் ஆக்கி, ஒவ்வொரு விஎம்லயும் ஸ்டார்ட் அட் பூட் டிக் போடணும்.

சூரமங்கலம்: இசட்எப்எஸ்ஸா இஎக்ஸ்டி4ஆ?

ரெண்டும் டிஸ்க்ல பைலை எழுதி வைக்கற முறைதான். ஒரே டிஸ்க்கு, கம்மி ராம்னா இஎக்ஸ்டி4. ரெண்டு டிஸ்க் இருந்தா இசட்எப்எஸ் மிர்ரர் (ரெண்டுலயும் ஒரே டேட்டா), ஒண்ணு போனாலும் வேலை நிக்காது, ஆனா கீழ ரெய்டு கார்டு (டிஸ்க்குகளை தானே சேத்து காட்டற கார்டு) இருக்கக்கூடாது. வெல கம்மி எஸ்எஸ்டி இசட்எப்எஸ் எழுதற எழுத்துக்கு சீக்கிரம் தேஞ்சுடும், பவர் லாஸ் ப்ரொடெக்‌ஷன் உள்ள செகண்ட்ஹேண்ட் டேட்டாசென்டர் எஸ்எஸ்டி கெடைச்சா நான் அதைத்தான் எடுப்பேன். மிர்ரர் இருக்குன்னு பேக்கப்பை விட்டுடாதீங்க, தப்பா அழிச்ச பைல் ரெண்டுலயும் சேந்தேதான் போகும்.

அம்மாபேட்டை: போட்டாச்சுங்ணா, பிரவுசர்ல 8006 போர்ட்ல ப்ராக்ஸ்மாக்ஸ் பக்கமும் வருது, அப்டேட் குடுத்தா 401னு எர்ரர்.

அது காசு கட்டறவங்களுக்கான எண்டர்பிரைஸ் ரெப்போ (அப்டேட் எடுக்கற எடம்). ரெபாசிட்டரீஸ்ல போய் அதை டிசேபிள் பண்ணுங்க, கூடவே செஃப் (Ceph, ஒரு ஸ்டோரேஜ் சாப்ட்வேர்) எண்டர்பிரைஸ் இருந்தா அதையும், அப்புறம் நோ-சப்ஸ்க்ரிப்ஷன் சேத்து ரெஃப்ரெஷ் அடிங்க, சரியாயிடும்.