இரண்டுமே சப்பையாக இருந்தால் எது தமனி?

கேள்வி: தமனி வட்டமாகவும் சிரை சப்பையாகவும் இருக்கும் என்று படித்தேன். செய்முறைத் தேர்வில் வைத்த ஸ்லைடில் இரண்டுமே சப்பையாகத்தான் தெரிந்தன. எதைக் கொண்டு பிரித்தறிவது?
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பதில்: மாணவர்களைக் கவிழ்ப்பதே அந்த ஒற்றை வரிதான், அம்மா. திசுவைச் சற்றுச் சாய்வாக வெட்டினால் வட்டமான தமனியும் நீள்வட்டமாகிவிடும். துளையின் வடிவத்தை மறந்துவிட்டுச் சுவரைப் பாருங்கள்.

முதலில் 4 மடங்கு லென்ஸ். எடுத்த எடுப்பிலேயே 40-க்குத் தாவுவது ஆய்வகங்களில் தீராத வியாதி. நடுத்தரத் தமனியும் சிரையும் பெரும்பாலும் அருகருகே ஓடும். நரம்பும் கூட வரும். இரண்டையும் ஒரே பார்வையில் வைத்து ஒப்பிடுங்கள். துளை சிறியது, சுவர் தடித்தது என்றால் தமனி.

இனி 40-க்குப் போகலாம். தமனியில், குழாயின் உட்புறத்தை மூடும் செல் அடுக்கான எண்டோதீலியத்தை ஒட்டி, பளபளக்கும் இளஞ்சிவப்புக் கோடு ஒன்று புடவைக் கொசுவம் போல மடிந்து மடிந்து துளையைச் சுற்றி வரும். அதுதான் உள் மீள்படலம், இழுத்தால் நீண்டு மீளும் இழைகளாலான படலம். உடலை விட்டு எடுத்த திசுவில் தசை சுருங்குவதால் அது அப்படி மடிகிறது. கோடு பிடிபடவில்லையா? ஒளியைக் குவிக்கும் கண்டென்சரின் ஐரிஸை, அதாவது ஒளித்துவாரத்தைக் கொஞ்சம் மூடுங்கள், மின்னும். மீள் இழைகளைக் கறுப்பாக்கும் வெர்ஹோஃப் சாயமிட்ட ஸ்லைடாக இருந்தால் கவலையே இல்லை, கறுப்பாகவே தெரியும்.

கோட்டுக்கு வெளியே நடுப்படலம், அதாவது டியூனிகா மீடியா. நடுத்தரத் தமனியில் 10 முதல் 40 அடுக்கு வரை மென்தசை. நீண்ட உட்கருக்கள் சுவரின் வளைவோடு வளைந்து கிடக்கும். தமனியில் தடித்த படலம் இதுவே. சிரைகளில் பெரும்பாலும் இது ஒல்லி; கொலாஜன் என்ற நார்ப்புரதம் நிறைந்த வெளிப்படலம்தான் தடிமன்.

தொப்புள்கொடி ஸ்லைடு வந்தால் மட்டும் உஷார். அங்கே தமனிகளில் தெளிவான உள் மீள்படலம் கிடையாது, சிரையில் உண்டு! குறும்புக்காரத் தேர்வாளர்களுக்கு இது மிகவும் பிடிக்கும். தமனி 2, சிரை 1 என்ற எண்ணிக்கைதான் அங்கே கைகொடுக்கும்.

கேள்வி: மிக நுண்ணிய ரத்தக் குழாயான தந்துகியில் உள், நடு, வெளி என்ற மூன்று படலங்களும் தெரியவில்லை. மைக்ராஸ்கோப் பழுதா?
– ஆய்வகப் பயிற்சியாளர், காரைக்குடி

பதில்: கருவியைக் குறை சொல்லாதீர்கள். தந்துகிக்கு எண்டோதீலியமும் அதைத் தாங்கும் அடித்தளச் சவ்வும்தான் சுவர். அங்கங்கே சுவரை வெளியிலிருந்து தழுவும் பெரிசைட் செல் ஒட்டியிருக்கும். நடு, வெளிப் படலங்களை எங்கே தேடுவது? சுமார் 7 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள சிவப்பணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நின்றால் அது தந்துகி. மார்செல்லோ மால்பீகி 1661-இல் தவளையின் நுரையீரலில் தந்துகிகளைக் கண்டது உங்களுடையதைவிட எளிய கருவியில்தான்.