அழகா, கட்ட முடிவதா? யார் விட்டுக்கொடுப்பது?

ஆர்க்கிடெக்ட் அழகாக வரைந்ததைப் பொறியாளர் "கட்ட முடியாது" என்றால் யார் இறங்கி வர வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். பல நேரம் யாரும் இறங்க வேண்டியதில்லை, அந்த வடிவத்துக்குள் ஓர் ஒழுங்கைக் கண்டுபிடித்தால் போதும்.

ஆஸ்திரேலியாவின் சிட்னி ஓபரா ஹவுஸ் கலையரங்கத்தையே பாருங்கள். 1957-இல் ஆர்க்கிடெக்ட் யோர்ன் உட்சான் அதன் வடிவமைப்புப் போட்டியில் வென்றபோது, சிப்பி ஓடுபோல் நிற்கும் அந்தக் கூரைகள் கையால் இழுத்த வளைவுகள்தான், எந்தக் கணக்குக்குள்ளும் அடங்கவில்லை. ஒவ்வொன்றும் வேறு வளைவு என்றால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி சென்டரிங் (கான்கிரீட் ஊற்றும் பலகை அச்சு) அடிக்க வேண்டும், அது கட்டுப்படியாகாது. ஓவ் அரூப் நிறுவனப் பொறியாளர்கள் பரவளையம், நீள்வட்டம் என்று வருடக்கணக்கில் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். 1961-இல்தான் வழி பிறந்தது: எல்லாச் சிப்பிகளையும் சுமார் 75 மீட்டர் ஆரமுள்ள ஒரே கோளத்திலிருந்து வெட்டி எடுத்ததுபோல் அமைப்பது. வளைவு எங்கும் ஒன்றே என்பதால் கூரையைத் தாங்கும் விலா எலும்பு போன்ற கான்கிரீட் துண்டுகளைச் சில அச்சுகளிலேயே திரும்பத் திரும்ப வார்த்து, கிரேனில் தூக்கிக் கோக்க முடிந்தது. மேலே பதித்த பத்து லட்சத்துக்கும் அதிகமான டைல்களுக்கும் அதே வசதி. முதல் வரைபடத்தைவிட இதுதான் எனக்கு அழகாகவும் படுகிறது.

கெடுத்தது அவசரம்தான். கூரைக் கணக்கு முடியும் முன்பே 1959-இல் வேலையைத் தொடங்கிவிட்டார்கள், அப்புறம் கூரையின் எடை தெரிந்ததும் ஏற்கெனவே எழுப்பிய தூண்களை உடைத்துப் பலமாகக் கட்ட வேண்டியதாயிற்று. உட்சான் 1966-இல் விலகினார். 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் என்று போட்ட மதிப்பீடு, 1973-இல் திறக்கும்போது 10.2 கோடியில் வந்து நின்றது.